இருபத்துநான்கு பச்சை டைல்கள்

நாங்கள் பழைய வீடு வாங்கப்போகிறோம் என்று சொன்னதும் எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவருக்கு அப்படி ஒரு யோசனை கனவிலும் வராது என்று அவர்களுக்குத் தெரியும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. எங்களோடு டண்டினொங்கில் வாடகைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் புதுச் செங்கல் வீடுகளுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மெல்பேர்ணின் வடக்கே, ட்ராம் ஓடும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, எண்பது வயதான ஒரு மர வீட்டின் முன்னறையில் நின்று, "இதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

காரணம் அந்த அறையின் கணப்பு. குளிர்காய விறகு எரிக்கிற சுவரடுப்பு அது. அதற்கு முன்னால், பொறி தெறித்து மரத்தரை பற்றாமல் இருக்க, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடிய அகலத்தில் டைல் பதித்த ஒரு தளம். மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு, மொத்தம் இருபத்துநான்கு டைல்கள். முற்றிய வெற்றிலையின் பச்சை. குனிந்து பார்த்தால் முகம் தெரியும். டண்டினொங் ஃபிளாட்டில் ஏழு குளிர்காலத்தை ஒற்றைக் கம்பி ஹீட்டருக்கு முன்னால் குந்தியிருந்து கழித்தவள் நான். எனக்கு அந்த அறையை விட்டுப் போக மனம் வரவில்லை.

என் கணவர் சிவில் எஞ்சினியர். பாலம் கட்டுவார், வீட்டில் ஆணி அடிக்கமாட்டார். அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இந்த வீடு யன்னல் பக்கமாச் சரிஞ்சு கிடக்கு. ஒரு தோடம்பழத்தைத் தரையில வைச்சால் தானா உருண்டு போகும்" என்றார்.

"அப்ப தோடம்பழத்தைத் தரையில வைக்காமல் இருப்பம்" என்றேன். வீட்டை வாங்கினோம்.

சாவி கைமாறிய அன்று வீட்டை விற்ற அம்மாவும் வந்திருந்தார். எழுபத்து நான்கு வயது வெள்ளைக்கார அம்மா. அந்த வீட்டிலேயே பிறந்து, அந்த வீட்டுக்கே கணவரையும் கூட்டிவந்து, அவரையும் அனுப்பிவைத்துவிட்டு, இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போகிறார். என் கையில் சாவியை வைத்தவர் ஒரு நிமிடம் அதை விடவில்லை.

"ஒன்றே ஒன்று கேட்கலாமா?" என்றார். "ராணியின் பிறந்தநாள் விடுமுறைத் திங்கட்கிழமைதான் இந்த வீட்டில் வருஷத்தின் முதல் நெருப்பு மூட்டுவோம். இந்த வருஷம் நீங்கள் மூட்டும்போது என்னையும் கூப்பிடுவீர்களா? ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கட்டாயம் கூப்பிடுவேன். அதுவரை ஒரு டைலுக்கும் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வேன்" என்று, கேட்காத வாக்குறுதியையும் சேர்த்துக் கொடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அது மார்ச் மாதம். ராணியின் பிறந்தநாள் விடுமுறை, இங்கே குளிர் தொடங்குகிற யூன் மாதத்தில் வரும். நான் சொன்ன வாக்கு ஐந்து கிழமைதான் தாங்கியது.

ஈஸ்டர் விடுமுறையில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். சிட்னியிலிருந்து என் கணவரின் அக்கா, என் மச்சாள், அதற்கென்றே வந்திருந்தார். குசினியில் நல்ல காஸ் அடுப்பு இருந்தது. அதில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால், வந்திருந்தவர்களில் பாதிப் பேர் "பழைய வீடா?" என்று மூக்கைச் சுருக்கியவர்கள். அவர்களுக்கு ஒரு காட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. "உண்மையான அடுப்பு இருக்கிற வீட்டில காஸில ஏன் காய்ச்சுவான்? இஞ்சை, முன்னறையிலயே காய்ச்சுவம்" என்றேன்.

கணப்பின் இரும்புக் கூட்டுக்குள் பானை போகவில்லை. அதனால் என்ன? பின்வளவில் கிடந்த மூன்று செங்கல்லை எடுத்துவந்து டைல் தளத்தின் மேல் அடுப்பாக வைத்தேன். என் கணவர் கைகட்டிக்கொண்டு பார்த்தார்.

"அது நெருப்புக்கு முன்னால இருக்கிற இடம். நெருப்பு வைக்கிற இடம் இல்லை" என்றார்.

"நீங்கள் போய்க் கதிரையளை எண்ணுங்கோ" என்றேன்.

விறகு புகைந்தது. புகை புகைபோக்கிக்குள் போகாமல் விருந்தாளிகளின் கண்ணுக்குள் போனது. எல்லோரும் கண்ணீரோடு பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் எழும்பி, நுரைத்து, மச்சாள் யாருக்கும் தெரியாமல் அகப்பையால் கொஞ்சம் உதவிசெய்ய, கிழக்குப் பக்கமாக வழிந்தது.

"பொங்கியிட்டுது! கிழக்காலதான் வழிஞ்சது!" என்று மச்சாள் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். பிறகு படாரென்று ஒன்று. சுட்டுக்கிடந்த டைல்களில் பால் பட்ட இடமெல்லாம் வெடித்துக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"விறகு" என்றேன். என் கணவர் என்னைப் பார்த்தார். "நான் சொன்னனான் தானே" என்று அவர் அன்று சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செங்கல்லை எடுத்துக் கழுவிப் பார்த்தேன். ஆறு டைல்கள். ஐந்தில் மயிர்போலக் கோடு கோடாக வெடிப்பு. ஆறாவது மூன்று துண்டு. தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பிறந்த வீட்டில், கும்பிட்டுக் கேட்காத குறையாக, ஒரு மணி நேரம். அவர் வந்து உட்காரும் இடத்தை நான் பால் ஊற்றி உடைத்துவைத்திருக்கிறேன்.

"போய் உண்மையைச் சொல்லும்" என்றார் என் கணவர். "ஒரு கிழமை பொய் சொன்னால் அடுத்த கிழமையும் சொல்ல வேணும்."

நான் சொல்வதாக இல்லை. யூன் மாதத்துக்குள் சரிசெய்துவிட்டால் சொல்லத் தேவையே இராது என்பது என் கணக்கு. ஆனால் சனிக்கிழமைகளில் நான் பாண் வாங்கும் பேக்கரியில் அந்த அம்மாவும் வந்து நிற்பார். வீடு எப்படி, எலுமிச்சை மரம் காய்த்ததா என்று எதைக் கேட்டாலும், கடைசியில் அந்தக் கேள்வி வரும்.

"பச்சை டைல்கள் எப்படி இருக்கின்றன?"

"மினுங்குகின்றன" என்பேன். அந்த நேரம் அவை ஒரு பழைய போர்வைக்குக் கீழே கிடக்கும். "நீ தேய்க்கிறாயா?" என்று கேட்பார். "ஒவ்வொரு சனியும்" என்பேன். அவர் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்ப்பார். நான் பாணை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன். இவ்வளவு பாசமாக டைலை விசாரிக்கிற ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

பழைய வீடுகளை இடித்து எடுத்த கதவு, யன்னல், கணப்பு எல்லாம் விற்கிற யார்டுகள் அப்போது மெல்பேர்ணில் நிறைய இருந்தன. நாலு சனி, ஞாயிறு அவற்றிலேயே கழிந்தது. உடைந்த டைல் துண்டு ஒன்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, காணாமற்போன பிள்ளையின் படத்தைக் காட்டுகிறவள் மாதிரி ஒவ்வொருவரிடமும் காட்டினேன். நாலு கிடைத்தது. அதே பச்சை, அதே தடிப்பு. இன்னும் இரண்டு உலகத்தில் எங்கேயும் இல்லை.

சரி, உடைந்த ஆறையும் கிளப்பி, நாலை வைத்து, மிச்சம் இரண்டுக்குப் புது டைல் வைப்போம் என்று உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறவள். நுணுக்கமான வேலை என் கைக்குப் பழக்கம் என்று எனக்கு ஒரு திமிர். உடைந்த டைலின் விளிம்பில் உளியை வைத்து மெல்லத் தட்டினேன். உடைந்தது அசையவில்லை, பக்கத்தில் இருந்த நல்லது வெடித்தது. மற்றப் பக்கத்தால் தட்டினேன். அந்தப் பக்கத்து நல்லதும் வெடித்தது. எண்பது வருஷமாக ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தவை, ஒன்றை அனுப்பினால் மற்றதும் கூடவே போவேன் என்று நின்றன. நாலு நல்ல டைல் போனபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

என் கணவர் கதவடியில் வந்து நின்றார். "ஆறு இருந்தது. இப்ப பத்து" என்றார். "இப்பிடியே திருத்திக்கொண்டு போனீர் எண்டால் கிறிஸ்மஸுக்கு வீடு இருக்காது."

சுத்தியல் என் கையில்தான் இருந்தது. ஆனாலும் அவர் உயிரோடு குசினிக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டத் தாள். முழுத் தளத்தையும் கிளப்பிப் புதிதாகப் பதித்தால் எந்த டைல் எங்கே வரும் என்று வர்ணப் பென்சிலால் வரைந்திருந்தார். மிச்சமிருக்கும் பழையது பதினாலு, யார்டில் வாங்கியது நாலு, புதிதாக வாங்க வேண்டியது ஆறு. மனிதர் உளியைத் தொடமாட்டார், ஆனால் வரைந்து கொடுப்பார். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

விளிம்பிலிருந்து தொடங்கினால் டைல்கள் முழுதாக வருகின்றன என்று கண்டுபிடித்தேன். கீழே சுண்ணாம்பும் மணலும் உதிர்ந்து மாவாகக் கிடந்தது. அதைச் சுரண்டி வாளி வாளியாக அள்ளி, சீமெந்து போட்டு மட்டமாக்கி, காயவிட்டு, பதினாலு பழைய டைல்களின் முதுகையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க மூன்று கிழமை ஆனது. என் முழங்கால் இரண்டும் டைல் மாதிரியே ஆகிவிட்டன. சனிக்கிழமைகளில் அந்த அம்மா "தேய்க்கிறாயா?" என்று கேட்டபோது, "தேய்க்கிறேன்" என்று அந்த மூன்று கிழமையும் பொய்யில்லாமல் சொன்னேன்.

பசை விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். சூடு தாங்கும் பசைத்தூள் தந்து, எப்படிக் கரைப்பது என்றும் சொன்னார். "பீனட் பட்டர் பதம். நினைவில் வைத்துக்கொள். அதோடு பதித்து முடிந்தபின் இரண்டு கிழமைக்கு நெருப்புக் காட்டாதே." நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் பீனட் பட்டர் போத்தல் ஒன்றை நான் பிறந்ததிலிருந்து திறந்ததில்லை. பீனட் என்றால் கச்சான், நிலக்கடலை, எங்களுக்கு அது வறுத்துத் தின்கிற சாமான். அதை அரைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பட்டர் என்றால் இளகித்தானே இருக்கும்? நல்ல தோசை மா பதத்துக்குக் கரைத்தேன்.

கரண்டியால் வார்க்க அழகாகப் பரவியது. அதன் மேல் முதல் இரண்டு வரிசையையும் நேராக அடுக்கி, எழுந்து நின்று, எவ்வளவு சுலபம் என்று என்னையே மெச்சிக்கொண்டு தேநீர் போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டைல் எல்லாம் ஓர் அடி நகர்ந்து யன்னல் பக்கம் போய்க் கும்பலாக நின்றன. அவர் சொன்ன தோடம்பழம் நினைவுக்கு வந்தது. மட்டமாக்கினேன் என்று நான் நினைத்த சீமெந்தும் வீட்டோடு சேர்ந்தே சரிந்திருந்தது.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தேன். பிறகு கடைக்கு ஓடிப்போய் ஒரு பீனட் பட்டர் போத்தல் வாங்கிவந்து, மூடியைத் திறந்து, கரண்டியை நட்டுப் பார்த்தேன். கரண்டி நின்றது.

"இது உழுந்து வடைக்கு அரைக்கிற மா!" என்று கத்தினேன். "அந்த மனுசன் முதலே வடை மா எண்டு சொல்லியிருக்கலாம் தானே?"

"அந்த மனுசன் என்னத்தைக் கண்டார், வடையை" என்றார் என் கணவர். அவர் போத்தலையும் பாணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று தொடங்கியவர் இன்றும் காலையில் அதைத்தான் பூசிச் சாப்பிடுகிறார்.

வடை மா பதத்தில் கரைத்தபோது டைல்கள் சொன்ன இடத்தில் இருந்தன. சரிவையும் பசையாலேயே நிமிர்த்தினேன். புது டைல்கள் ஆறும் பழையவற்றைவிட மெல்லியவை, அதனால் அவற்றுக்குக் கீழே தடிப்பாகப் பூசினேன். கடையில் ஒரே பச்சையாகத் தெரிந்தவை வீட்டில் கொஞ்சம் வெளிறித் தெரிந்தன. ஆறையும் பால் வழிந்த கிழக்கு மூலையில் சேர்த்து வைத்தேன். டைல்களுக்கு இடையே இருந்த நீக்கலுக்குக் கறுப்புச் சாந்து நிரப்பி, பஞ்சால் துடைத்து, நிமிர்ந்தபோது விடுமுறைக்குப் பதினாறு நாள் இருந்தது. அந்தப் பதினாறு நாளும் முன்னறையில் ஒரு கற்பூரம் கொளுத்தக்கூட நான் விடவில்லை.

விடுமுறைத் திங்கட்கிழமை காலை தூறல். நல்ல குளிர். வெளிறிய ஆறு டைலும் எவ்வளவு தேய்த்தாலும் பளிச்சென்று தெரிந்தன. "குத்துவிளக்கைத் தூக்கி அதுக்கு மேல வையும்" என்றார் என் கணவர். உண்மை பேசச் சொன்ன அதே மனிதர்தான். பெரிய பித்தளை விளக்கு, கீழே ஒரு தட்டு, சுற்றிவரப் பூ. ஒன்றும் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அந்த அம்மா வந்தார். நல்ல உடுப்பு, முத்துமாலை, கையில் ஒரு டின் பிஸ்கட். கணப்புக்கு எதிரே எங்களிடம் இருந்த நல்ல கதிரையைப் போட்டு வைத்திருந்தோம். அவர் உட்காரவில்லை. கணப்புக்கு முன்னால் நின்று கீழே பார்த்தார். பிறகு சப்பாத்து நுனியால் ஒரு டைலைத் தொட்டார்.

"இது வேறு வீட்டு டைல்" என்றார். இன்னொன்றைத் தொட்டார். "இதுவும். இது இந்த இடத்தில் இருந்ததில்லை, அந்த ஓரத்தில் இருந்தது. மூலையில் சின்னக் குழி இருக்கிறது பார்." பிறகு என்னைப் பார்த்தார். "அந்த விளக்கைக் கொஞ்சம் நகர்த்து, டியர்."

என் கணவர் விளக்கைத் தட்டோடு தூக்கினார். ஆறு புது டைலும் வெட்ட வெளிச்சமாகக் கிடந்தன.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பால், மூன்று செங்கல், கைதட்டல், உளி, தோசை மா, பாண் கடையில் சொன்ன பொய்கள், ஒன்று விடாமல். "நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

"பாலை வேண்டுமென்றே பொங்கவிட்டு, வழியவிட்டு, கைதட்டினீர்களா?" என்று கேட்டார்.

"ஓம்... யெஸ்" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"எனக்கு ஆறு வயதில் அம்மா ஒரு துணியைத் தந்து, இந்த டைல்களைத் தேய்க்க என்னை இங்கே முழங்காலில் இருத்தினார். ஒவ்வொரு சனியும். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவருக்கும் அது பளபளவென்று இருக்க வேண்டும். அவர் போன பிறகும் தேய்த்தேன், ஏன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு டைலும் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட எனக்குப் பிடிக்காது. நீ முழுவதையும் உடைத்து எறிவாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாண் கடையில் தேய்க்கிறேன் என்று நீ சொன்னபோதெல்லாம், ஐயோ, இந்தப் பிள்ளையும் மாட்டிக்கொண்டதே என்று கவலைப்பட்டேன்."

கொடுமைக்கார மாமியாரை ‘எப்படி இருக்கிறா?’ என்று விசாரிப்பார்களே, அந்த விசாரிப்பை நான் பாசம் என்று எடுத்திருக்கிறேன். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு இல்லை, கோபம். என் நாலு சனி ஞாயிறு! என் முழங்கால்!

"அப்படியானால் ஏன் வரவேண்டும் என்று கேட்டீர்கள்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இந்த வீட்டில் நெருப்பு எரியும்போது நான் கதிரையில் உட்கார்ந்ததில்லை. ஒருநாளும் இல்லை. விறகு போடவேண்டும், சாம்பல் கூட்டவேண்டும், தேநீர் கொண்டுவரவேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவரைத் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். காலடியில் என் நல்ல கம்பளியை விரித்தேன். நெருப்பை மூட்டினேன். புகைபோக்கியைத் துப்புரவாக்கி வைத்திருந்ததால் புகை அன்று ஒழுங்காக மேலே போனது. தேநீரைக் கோப்பையில் ஊற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். நெருப்பு வெளிச்சம் பச்சை டைல்களில் ஆடியது. பழையது எது, புதியது எது என்று அந்த வெளிச்சத்தில் எனக்கே தெரியவில்லை. மூன்று பேரும் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது விறகு ஒன்று வெடித்து, கங்கும் சாம்பலும் டைலின் மேல் வந்து விழுந்தன. அந்த அம்மாவின் உடம்பு தானாகவே அசைந்தது. கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டே, கதிரையின் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார்.

"நோ, நோ, நீங்கள் இருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு என் கணவர் எழுந்தார். இரண்டு மாதமாக ஒரு வாளி தூக்காத மனிதர், நல்ல காற்சட்டையோடு டைலின் மேல் முழந்தாளிட்டு, கங்கைத் தள்ளி, சாம்பலைக் கூட்டி, பிறகு துணியை எடுத்து அந்த ஆறு வெளிறிய டைலையும் துடைத்தார். சரியாகத் துடைக்கத் தெரியவில்லை. கரிக்கோடு அப்படியே நின்றது.

அந்த அம்மா அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்கள் இரண்டையும் நெருப்புப் பக்கம் நீட்டி, இன்னொரு கோப்பை தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.